குறையாத போத்தல்

அத்தியாயம் 14

ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் போண்டா கத்த வேண்டும். புதன்கிழமை இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்பை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கீச்சல் போடுவான். உள்ளே குடைமிளகாய் இருப்பது எனக்குத் தெரியும், எடுத்து வா என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நிரஞ்சனா ஃபிரிட்ஜைத் திறந்தாள். கூடத்திலிருந்து சத்தமே இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதும் இல்லை.

குடைமிளகாய்த் துண்டோடு கூண்டருகே போய்க் குனிந்தாள். போண்டா காய்ந்த புல்லின் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தான். கறுப்பும் வெள்ளையுமான ரோமம் சிலிர்த்து நின்றது. நேற்று வைத்த கீரை தொடப்படாமல் வாடியிருந்தது. மூக்கருகே நீட்டிய துண்டை அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் கண் தானாகக் கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் போனது. போத்தல் நிறைய இருந்தது. அப்பாடா, தண்ணீராவது இருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்தாள். அந்த ஒரு நொடி நிம்மதியை அன்று முழுக்க நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

போண்டா அவளுடையவன் இல்லை. கணவன் ராஜீவின் அண்ணன் தங்கராஜு, மனைவி மகளோடு சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் இருக்கிறார். அந்த மகள் ரக்ஷனாவின் கினி பிக்தான் போண்டா. அந்த வீட்டுக்கும் தேக்காவில் இருக்கும் இந்த வீட்டுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு நின்றுபோயிருந்ததைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுவோம்.

ரக்ஷனாவின் மஞ்சள் நீராட்டு விழா. சமூக மன்றத்தில் இருநூறு பேர். நிரஞ்சனா பட்டுப்புடவை கட்டி, ஆலத்தித் தட்டைக் கையில் ஏந்தி, சுமங்கலிகளின் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது ஓரகத்தி பாக்கியலட்சுமி அருகில் வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "நிரு, நீ கொஞ்சம் ஓரமா நில்லு" என்றாள். கல்யாணமாகிப் பத்து வருடமாகக் குழந்தை இல்லாதவளை ஏன் ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிரஞ்சனா ஓரமாக நின்றாள். சாப்பிடாமல் வீடு வந்தாள். அதற்குப் பிறகு உட்லண்ட்ஸ் பக்கமே போகவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பெரியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பதினான்கு வயதில் அவள் தன் வழியில் ஒரு காரியம் செய்தாள். திருச்சியில் கல்யாணம் என்று குடும்பமே கிளம்பியபோது, போண்டாவைச் சித்தி வீட்டில்தான் விடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் சொன்ன காரணத்தை அம்மாவால் மறுக்க முடியவில்லை. சித்தி பதினோரு வருடமாகப் பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்கிறவர். போத்தலைச் சித்தியைவிடச் சரியாக யார் கழுவப்போகிறார்கள்?

கூண்டோடு ஒரு தாளும் வந்தது. சித்திக்காகவே தமிழில் எழுதியது. போத்தல், மூடி, இரும்புக் குழாய் மூன்றையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். சுடுதண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். வாசனைச் சோப்பு கூடவே கூடாது. வினிகர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வேண்டும். குழாய்க்குள் பஞ்சுக்குச்சி விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு வினிகர் வாசம் போகும்வரை நன்றாக 'அளசவும்'. புதுத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, குழாய் நுனியில் இருக்கும் குண்டை விரலால் தட்டிப் பார்க்கவும், சொட்டு வர வேண்டும். தினமும் செய்யவும், பிளீஸ் சித்தி.

அலசவும் என்பதற்கு ளகரம் போட்டிருந்தாள். அந்தப் பிழைக்காகவே நிரஞ்சனா தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒரு வரி விடாமல் செய்தாள். மருத்துவமனையில் செய்வதுபோல் தாளின் ஓரத்தில் தேதி போட்டு டிக்கும் அடித்தாள். ராஜீவ் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

சனிக்கிழமைக்கு நேரே டிக் இல்லை. அன்று அவளுக்கு மதியம்வரை வேலை. பேருந்து ஓட்டும் ராஜீவுக்கு ஓய்வு நாள். வேலை முடிந்து வந்தவள் போத்தல் நிறைந்திருப்பதைப் பார்த்தாள். பரவாயில்லையே, சொல்லாமலே கழுவி நிரப்பியிருக்கிறாரே என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவனும் காலையில் போத்தல் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவள் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இன்று விடியற்காலையிலேயே அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

இப்போது அவள் போத்தலைக் கழற்றிக் கையில் எடுத்தாள். குண்டை விரலால் தட்டினாள். சொட்டு வரவில்லை. குலுக்கித் தட்டினாள். குண்டு அசையவே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு நிரப்பிய தண்ணீர், ஒரு விரற்கடைகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திருகி எடுத்து, பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டாள். குச்சி பாதியில் முட்டியது. வெளியே எடுத்தபோது பஞ்சில் சாம்பல் நிறத்தில் களிம்புபோல ஒன்று அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். முகராமலே அவளுக்குத் தெரியும்.

திருநீறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போண்டா கொஞ்சம் சோர்ந்திருந்த மாதிரி இருந்தது. வீடு மாறிய ஏக்கமாக இருக்கலாம். அவளோ வேலை முடிந்து வரும் வழியில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு, திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். அவன் நெற்றியில் சின்னதாக ஒரு கீற்று இட்டாள். காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கக் கொடுப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அன்றைய கழுவல் முடிந்து, அலசி, நிரப்பி, குண்டைத் தட்டிச் சொட்டும் பார்த்தாகிவிட்டது. பிறகுதான் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டாள். போதுமா என்று பார்த்துவிட்டு இன்னொரு சிட்டிகையும் போட்டாள். தம்ளரில் போட்டால் அடியில் தங்கும். தலைகீழாகத் தொங்குகிற போத்தலில் அடி என்பது குழாய்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் சுத்தம் செய்து மூடிய கருவியை யாராவது மறுபடி திறந்து தொட்டால் அவளே திட்டுவாள்.

ரக்ஷனா திருச்சியிலிருந்து வந்து இறங்கும் நேரம். அடுத்த இரண்டு நிமிடத்தில் நிரஞ்சனா செய்ததுதான் இந்த வாரத்துக் கதை. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாள். குழாயைக் குத்தி, துடைத்து, அலசி, ஒளியில் பிடித்துப் பார்த்து, மறுபடி அலசினாள். பஞ்சுக்குச்சியைக் குப்பைத்தொட்டியின் அடியில், வெங்காயத் தோலுக்குக் கீழே போட்டாள். புதுத் தண்ணீர் நிரப்பித் தட்டினாள். சொட்டு அழகாக விழுந்தது. அவனுக்கு உடனே தண்ணீர் கொடுக்கத்தானே இவ்வளவு அவசரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் கொடுக்கக் கிண்ணம் போதும், வெங்காயத் தோல் தேவையில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

துணி நுனியை நனைத்துப் போண்டாவின் வாயில் வைத்தாள். நாலைந்து முறை நக்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

தங்கராஜு பெட்டிகளோடு சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டாராம். வாசலில் தாயும் மகளும் நின்றார்கள். விமானத்தில் தூங்காத கண்கள். பாக்கியலட்சுமி இரண்டு வருடத்தில் முதல்முறையாக இந்த வாசலில் நிற்கிறாள், கையில் கல்யாணப் பலகாரப் பையோடு. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள் முகம் அது. யோசித்ததைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

ரக்ஷனா செருப்பைக் கழற்றிய வேகத்தில் கூண்டுக்குப் போனாள். போண்டாவைத் தூக்கினாள். கழுத்துத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டாள். தோல் உடனே படியாமல் மடிந்தே நின்றது.

"இவனுக்குத் தண்ணி பத்தல, சித்தி. கிளினிக் போகணும், இப்பவே."

தூக்கும்போதே அவன் நெற்றியைப் பார்த்துவிட்டாள். வெள்ளை ரோமத்தில் இன்னும் லேசாகச் சாம்பல் ஒட்டியிருந்தது. "திருநீறு வச்சீங்களா?" என்று கேட்டு, அந்த அவசரத்திலும் கண் கலங்கச் சிரித்தாள். "தேங்க்ஸ் சித்தி."

நிரஞ்சனா கூடையை எடுக்கப் போனாள். அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்சி கூப்பிட வேண்டும், கூடையில் துண்டு விரிக்க வேண்டும், போத்தலையும் தாளையும் எடுத்து வைக்க வேண்டும் என்று கைக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததால் சொல்லவில்லை என்றுதான் அவள் கணக்கு.

பாலஸ்டியர் பக்கம் ஞாயிறும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை ஒன்று இருந்தது. டாக்சியில் ரக்ஷனா போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் குண்டைத் தட்டினாள். சொட்டு விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி விழுந்தது. அவள் முகம் மெதுவாக மாறியது.

"போத்தல் ஓகே. அப்ப இது என்னாலதான்."

கிளம்பிய அன்று காலையில் போத்தலை வினிகரில் ஊறவைத்ததையும், விமானத்துக்கு நேரமாகிறது என்று அம்மா கத்தியதால் அவசரமாக ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டு எடுத்ததையும் சொன்னாள். வினிகர் வாசம் மிச்சம் இருந்திருக்கும், அந்த வாசம் பிடிக்காமல் அவன் முதல் நாளிலிருந்தே குடிப்பதைக் குறைத்திருப்பான் என்று அவளாகவே ஒரு கதையைக் கட்டி முடித்தாள். பாக்கியலட்சுமி சும்மா இருக்கவில்லை. போகிற அவசரத்தில் அதை எதற்குக் கழுவுகிறாய் என்று நான் அன்றைக்கே கேட்டேனே என்று ஆரம்பித்தாள். ரக்ஷனா கூடையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சத்தம் வராத அழுகை.

நிரஞ்சனா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மூன்று நாள் வினிகர் வாசம் தேடித் தேடி அலசிய போத்தல் அது. அந்தப் பிள்ளையின் முதுகில் கைவைத்துத் தடவினாள். வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் உமைர் இளைஞர். மருத்துவமனையில் எல்லாரிடமும் ஆங்கிலம் பேசிவிட்டு இவர்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். போண்டாவின் வயிற்றைத் தொட்டு, பல்லைப் பார்த்து, நெற்றிச் சாம்பலை விரலால் துடைத்துப் பார்த்து, தோல் நோயோ என்று கேட்டார். திருநீறு என்று ரக்ஷனா சொன்னதும் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, குடல் வேலை செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது, தோலுக்கடியில் நீர் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு பொதுவாகக் கேட்டார்.

"தண்ணி எப்படிக் குடிச்சான்? போத்தல் சரியா வேலை செஞ்சுச்சா?"

"போத்தல் நிறைஞ்சுதான் இருந்துச்சு டாக்டர்" என்றாள் நிரஞ்சனா.

"எப்பவும் நிறைஞ்சேவா?"

"ஆமா."

"அது நல்லதில்லையே லா. குறைஞ்சாதானே குடிக்கிறான்னு அர்த்தம்."

அந்த இடத்தில் ஒரு நொடி எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் ரக்ஷனா குறுக்கே வந்துவிட்டாள். "சித்தி மேல தப்பில்ல டாக்டர். நான்தான் சரியா அலசல" என்று வினிகர் கதையை முழுக்க ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். அப்படியும் இருக்கலாம், வாயும் தொண்டையும் புண்ணாகியிருக்கிறதா என்று மயக்கம் கொடுத்துப் பார்க்கிறேன், இந்த நிலையில் மயக்கம் கொஞ்சம் ஆபத்துதான், முதலில் நீர் ஏற்றி ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் போண்டாவை உள்ளே கொண்டுபோனார்.

மயக்கம், ஆபத்து என்ற இரண்டு வார்த்தையும் நிரஞ்சனாவின் காதில் தங்கிவிட்டன.

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தாள். ரக்ஷனா கண்ணாடிக் கதவோரம் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பாக்கியலட்சுமி கீழே காப்பிக் கடைக்குப் போய் பிளாஸ்டிக் பையில் கயிறு போட்டுக் கட்டித் தரும் பொட்டலக் காப்பி இரண்டு வாங்கி வந்தாள். ஒன்றை நிரஞ்சனாவிடம் நீட்டினாள். சர்க்கரை போடாதது. இரண்டு வருடம் கழித்தும் நினைவு வைத்திருந்தாள்.

"அவ திருச்சியில நாலு நாளும் ஒரே பாட்டுதான், நிரு. சித்தி பாத்துப்பாங்க, சித்தி பாத்துப்பாங்கன்னு."

நிரஞ்சனா காப்பிப் பொட்டலத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அந்தத் தட்டை வாங்கியிருக்கக் கூடாது" என்றாள் பாக்கியலட்சுமி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு வருஷமா மனசு உறுத்துது. ஆவணில புது வீட்டுக்குப் போறோம். பால் நீதான் காய்ச்சணும்னு ரக்ஷு சொல்லிட்டா. எனக்கும் அதான் ஆசை. வருவியா?"

இந்த ஒரு கேள்விக்காக நிரஞ்சனா எத்தனை நாள் காத்திருந்தாள் என்று பதிமூன்று அத்தியாயமாகப் பார்த்திருக்கிறோம். ஓரமாக நில் என்று சொன்ன வாய், முன்னால் வந்து பால் காய்ச்சு என்று சொல்கிறது. இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் தலையாட்டுவது மட்டும்தான். பஞ்சுக்குச்சி குப்பையில் இருக்கிறது. போத்தல் சுத்தமாக இருக்கிறது. அவள் சொன்னாலொழிய இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் தலையை ஆட்டக்கூட ஆட்டினாள். பிறகு கதவோரம் பார்த்தாள்.

ரக்ஷனா அந்தத் தாளை மடியில் விரித்துப் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிரஞ்சனா எழுந்து போய் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அலசும் படிக்கு முன்னால் 'பத்து தடவை' என்று புதிதாகச் சேர்த்து, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். பத்து தடவை அளசவும். ளகரம் இன்னும் அப்படியே இருந்தது. ஓரத்தில் நிரஞ்சனா அடித்த மூன்று டிக்குகளும் இருந்தன.

அதற்கு மேல் மறைக்க நிரஞ்சனாவால் முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பேனாவை மெல்ல வாங்கினாள்.

"அதை அடிச்சிடு ரக்ஷு. உன் பேப்பர்ல ஒரு தப்பும் இல்ல."

"இருக்கு சித்தி. நான் ஒழுங்கா அலசியிருந்தா..."

"வெள்ளிக்கிழமை நான் தண்ணியில திருநீறு போட்டேன். அது குழாயில போய் அடைச்சுக்கிச்சு. நேத்து நான் போத்தலைக் கழுவவும் இல்ல. காலையிலதான் பாத்தேன். பாத்துட்டு, நீ வர்றதுக்குள்ள கழுவிட்டேன்."

ரக்ஷனா அவளை வெறித்துப் பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று நிரஞ்சனா காத்திருந்தாள்.

"எவ்ளோ போட்டீங்க?"

"ரெண்டு சிட்டிகை."

"அது ஓகே சித்தி" என்றாள் ரக்ஷனா. "நிஜமா ஓகே. என் எக்ஸாமுக்கு அம்மாவும் போட்டுத் தருவாங்க. ஆனா டாக்சில நான் அழுதப்ப, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டாக்டர் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்டா."

பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான், இரண்டும் அந்தப் பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது. திருநீறு போட்ட கையை ரக்ஷனா மன்னித்துவிட்டாள். முதுகைத் தடவிக்கொண்டே சும்மா இருந்த கையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை என்பது நிரஞ்சனாவுக்குப் புரிந்தது.

ரக்ஷனா சட்டென்று எழுந்தாள். "டாக்டர் வாய் புண்ணுன்னு நினைச்சு மயக்கம் குடுக்கப் போறார். உடனே சொல்லணும்."

நிரஞ்சனாவும் கூடவே எழுந்தாள். நானே சொல்கிறேன் என்று கதவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். சின்ன இடம். கதவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"சித்தி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

வேண்டுமென்று சொன்னதில்லை. வழிவிடச் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் ரக்ஷனாவுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், ஒரு கணம் கதவுப் பிடியில் கைவைத்தபடி அசையாமல் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நிரஞ்சனா ஓரமாக நின்றாள். அன்று சமூக மன்றத்தில் நின்றபோது நெஞ்சு முழுக்கக் கோபம் இருந்தது, நான் என்ன தப்புச் செய்தேன் என்ற கேள்வி இருந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். இன்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சுவரில் சாய்ந்தாள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். ரக்ஷனா கைகளை ஆட்டி ஏதோ சொல்ல, டாக்டர் கையில் எடுத்திருந்த ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். போண்டா ஒரு துண்டுக்குள் சுருண்டிருந்தான். மூச்சு விடுகிறானா என்று அங்கிருந்து தெரியவில்லை. ரக்ஷனா போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் கவிழ்த்துக் குண்டைத் தட்டினார்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாக்கியலட்சுமி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இப்போது பால் காய்ச்சும் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று நிரஞ்சனா எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தாள்.

"அக்கா, நான் உங்ககிட்டயும்..."

"இரு. நீ சொல்லிட்டே. இனி நான் சொல்லாம இருந்தா நல்லாருக்காது." பாக்கியலட்சுமி அவள் அருகில் வந்து, அதே சுவரில், அதே போலச் சாய்ந்து நின்றாள். "அன்னிக்கு தட்டை வாங்கினது நான். வாங்கச் சொன்னது நான் இல்ல."

நிரஞ்சனாவுக்கு முதலில் புரியவில்லை.

"நாலு பேர் உன்னைப் பத்திப் பேசிடுவாங்கன்னு பயந்து, அவளை மேடைக்கு விடாதீங்கன்னு ஒருத்தர் என்கிட்ட வந்து கெஞ்சினாரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உன் கோவத்தை ரெண்டு வருஷமா நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"யாரு, அக்கா?"

நாற்காலியில் வைத்திருந்த நிரஞ்சனாவின் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. பேருந்துப் பணியில் இடைவேளை விடும் நேரம். திரையில் ராஜீவ் என்று பெயர் வந்தது.

பாக்கியலட்சுமி அந்தப் பெயரைப் பார்த்தாள். நிரஞ்சனாவைப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"எடு. அவன்கிட்டயே கேளு."